இரண்டு நிறத்தில் ஒரு நாற்காலி

சேசு மரி சூசை

கீழ்ப்பிரிவு லயம்,
அக்கரப்பத்தனை.
12.2.1961

அன்புள்ள தம்பி கஸ்பருக்கு அக்கா தெரேசா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். சுகம் என்று மட்டும் எழுதி நிறுத்த எனக்கு மனமில்லை, அதனால் ஒவ்வொருவராய்ச் சொல்கிறேன், அவசரப்படாமல் வாசி. பேரன் லோரன்ஸ் தலவாக்கலையில் லொறி டிரைவர் ஆகிவிட்டான். பின்னால் தொங்கிக்கொண்டு போன கிளீனர் பயல் இன்று முன்னால் உட்கார்ந்து ஹோர்ன் அடிக்கிறான். பெற்றீசியா நத்தார் நள்ளிரவுப் பூசையில் தனியாய் ஒரு பாட்டுப் பாடினாள், சாமியாரே பீடத்திலிருந்து திரும்பிப் பார்த்தார். கடைக்குட்டிக்குப் பதினாறாம் வாய்ப்பாடு தலைகீழாய்த் தெரியும். இவர்களெல்லாம் ஒரு பக்கம், மூத்தவள் இசபெல் ஒரு பக்கம். எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணி, தை மாதத்திலிருந்து நம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்ற அதே கட்டடம். அதற்கு மேல் அங்கே வகுப்பு இல்லை, இருந்திருந்தால் நான் நின்றிருக்க மாட்டேன்.

இனிமேல் வருவதுதான் விசயம். பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. முன்னால் இருந்த வாத்தியார் வெளியூர்க்காரர், அதில் உட்கார்ந்துதான் படிப்பித்தார். இசபெல் வேலை ஏற்ற வாரமே பெரிய கிளாக்கர் ஆள் விட்டு அதைக் தான் வேலை பார்க்கிற கந்தோருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் போய்க் கேட்டேன்.

"ஒங்க பேத்திக்கு நின்னுக்கிட்டுச் சொல்லிக் குடுக்க முடியாதா ஆயா? கொழுந்தெடுக்கிறவ மக தானே, காலு பழகியிருக்குமே" என்றார்.

தோட்டத்து வழக்கம் உனக்குத் தெரியும். கிளாக்கர் முன்னால் லயத்து வேலையாள் உட்காரக்கூடாது. அவர் பள்ளிக்கூடத்துக்கு வருகிற நேரத்தில் இவள் உட்கார்ந்திருந்து தொலைத்தால் என்ன செய்வது என்று அவருக்குப் பயம். அதனால் நாற்காலியே இல்லாமல் பண்ணிவிட்டார்.

இசபெல்லுக்கு நாற்காலி வேண்டும், கை வைத்த நாற்காலி. தச்சன் நீதான் செய்கிறாய். பலகைகளை லோரன்ஸ் தலவாக்கலையில் ரயிலில் ஏற்றிவிட்டான். வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் புறப்பட்டபோது பங்களாச் சாப்பாட்டு மேசை விழுந்து பிளந்ததே, அந்தப் பலகைகள். "ஆயா, வெறகுக்கு எடுத்துக்கோ" என்று அவர் வாயால் சொல்லிக் கொடுத்தார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரே நிறத்தில் செய்யாதே. வேறு நிற மரம் கலந்து செய். நான் பங்களாவில் வேலை செய்த நாளில் துரைசாணியின் தையல் பெட்டியில் கறுத்த மரத்துக்கு நடுவே வெளுத்த மரம் கோடுகோடாய் ஓடும், அதைத் துடைத்துத் துடைத்தே என் விரல் தேய்ந்தது. வாசலில் நிற்கிறவர் கண்ணுக்கே இரண்டு மரம் என்று தெரிய வேண்டும்.

தெரேசா


கொட்டாஞ்சேனை,
கொழும்பு.
5.3.1961

அன்புள்ள அக்காவுக்கு,

பலகைகள் வந்தன. கட்டைப் பிரித்ததும் பட்டறை முழுதும் தும்மியது. கன்னங்கரேல் என்று இருந்ததைப் பார்த்து, "அக்கா கருங்காலி அனுப்பியிருக்காங்க" என்று எல்லாரிடமும் பெருமையடித்துவிட்டேன். இழைப்புளி போட்ட பிறகுதான் விசயம் புரிந்தது. அடுப்புக்கு மேலே பரணில் போட்டிருக்கிறாய்! மிளகாயும் கருவாடும் வைக்கிற இடத்தில் துரையின் மேசையையும் வைத்தவள் இலங்கையிலேயே நீ ஒருத்திதான். புகை சுருள்சுருளாய் உதிர்ந்து போக, உள்ளே வறுத்த காப்பிக்கொட்டை நிறம், ஊடே ஊதா ரேகை. அக்கா, இது வால்நட். இங்கே விளையாத மரம். பார்க்கிறவன் முதலில் "நல்லாயிருக்கு" என்பான், அடுத்த மூச்சிலேயே "எங்க எடுத்தது?" என்பான்.

சேர்ப்பதற்கு மரம் கேட்டாய். தேக்கு வைத்தால் பழுப்புக்குப் பக்கத்தில் பழுப்பு, இரண்டு தம்பிமார் ஒரே சட்டை போட்டது மாதிரி. கருங்காலி வைத்தால் அதன் பக்கத்தில் வால்நட் துவைக்காத துணியாய்த் தெரியும். முதிரை இருக்கிறதே, அதுதான் ராசா. பொன் நிறம், திருப்பினால் பட்டு மாதிரி மினுங்கும். ஆனால் பட்டறை முதலாளி முதிரைத் துண்டுகளைத் தன் பிள்ளைகளைவிடக் கவனமாய்ப் பார்த்துக்கொள்கிறார். பலா தாராளமாய்க் கிடைக்கும். அறுத்த புதிதில் நல்ல மஞ்சள். காப்பி நிறத்துக்குப் பக்கத்தில் எடுப்பாய் இருக்கும். பலாவில் செய்துவிடுகிறேன்.

பிறகு மேலே ஒரு கறுப்புச் சாயம் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். துரை வாயால் சொன்னதுக்கு ஒரு துண்டு எழுத்து உன்னிடம் இருக்கிறதா? அவர் எந்தச் சீமையில் இருக்கிறாரோ. பெரிய கிளாக்கர் ஒரு வார்த்தை சொன்னால் பொலிஸ் என் பட்டறை வாசலில் நிற்கும். என் பிரஜாவுரிமை மனு இன்னும் கந்தோரில்தான் கிடக்கிறது. இந்த நேரத்தில் என் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறக்கூடாது.

கோபிக்காதே.

கஸ்பர்


கீழ்ப்பிரிவு லயம்,
அக்கரப்பத்தனை.
19.3.1961

தம்பி கஸ்பருக்கு,

இன்று சூசையப்பர் திருநாள். உங்கள் தச்சர்களுக்கெல்லாம் பாதுகாவலர். ஏரோது பிள்ளையைத் தேடுகிறான் என்று தெரிந்ததும் அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துவரை நடந்தார். பிள்ளைக்கு மேலே கறுப்புச் சாயம் பூசி மூலையில் நிறுத்தவில்லை.

கல்யாணப் பெண்ணுக்குப் பட்டுச் சீலை உடுத்தி மேலே சாக்கைப் போர்த்துவாயா நீ? சாயம் பூசுவதென்றால் பலா எதற்கு, முதிரை எதற்கு, விறகுக் கடையில் ஒரு கட்டை வாங்கிச் செய்யலாமே.

பலாவும் வேண்டாம். என் கல்யாணத்துக்கு அப்பா செய்த பெட்டி பலாதான். அன்றைக்கு மஞ்சள் கிழங்காய் இருந்தது, இன்றைக்கு வந்து பார், கருப்பட்டி. வால்நட்டோ எதிர்ப்பக்கம் போகும். பங்களா மேசையில் ஜன்னல் பக்கத்து முனை வெயிலில் வெளுத்துப்போய், நான் சோடாப் போட்டுத் தேய்த்துக் கெடுத்தேன் என்று துரைசாணி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஒன்று கறுத்துக்கொண்டே வரும், மற்றது வெளுத்துக்கொண்டே வரும், இசபெல்லுக்கு ஒரு பிள்ளை பிறப்பதற்குள் இரண்டும் ஒரே நிறமாகிவிடும். எனக்கு அது வேண்டாம்.

பெரிய கிளாக்கர் லயத்தில் நம் காம்பரா வாசலுக்கே வந்துவிட்டார். ரயிலில் பலகை ஏறியதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஆயா, பங்களா மேசை எங்க?"

"வெறகுக்குன்னு தொரை குடுத்தாருங்க."

"அப்ப எரிச்சாச்சா?"

"வெறக எப்ப எரிக்கணும்னு அடுப்புக்காரி தானேங்க முடிவு பண்ணணும்."

"அது தோட்டத்துச் சாமான், தெரியும்ல?"

"ஒடஞ்ச அன்னிக்கு 'ஆயா ஒடச்சுட்டா'ன்னு தொரைகிட்டச் சொன்னது நீங்க தானுங்களே ஐயா. அன்னிக்கு என் மேசையா இருந்துச்சு, இன்னிக்கு மட்டும் எப்படித் தோட்டத்து மேசை ஆச்சு?"

பக்கத்துக் காம்பரா வீரம்மா சிரித்துவிட்டாள். அவர் குடையை விரித்துக்கொண்டு போனார், மழையே இல்லை.

இத்தோடு ஒரு சாக்கு வருகிறது. பிரித்ததும் உன் பட்டறைக்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மேல்மலையில் பழைய தேயிலைச் செடிகளைப் பிடுங்குகிறார்கள். பிடுங்கின கட்டை வேலையாட்களுக்கு விறகு, அது நம் பாட்டன் நாளிலிருந்து உள்ள உரிமை, எந்தக் கிளாக்கரும் இதுவரை வாய் திறந்ததில்லை. நான் பிளக்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். வெளியே சிரங்கு பிடித்த மாதிரி இருக்கும், உள்ளே தேங்காய்ப் பருப்பு மாதிரி வெள்ளை. வருசக்கணக்காய் அடுப்பில் போடுகிறோம். ஒரு தரம் நாற்காலியில் போட்டுப் பார்.

தெரேசா


கொட்டாஞ்சேனை.
30.4.1961

அக்காவுக்கு,

எகிப்துக்கு ஓடிப்போனவரைக் காட்டி எனக்குத் தைரியம் சொல்கிறாய். அவரும் ஏரோதுவின் வாசலில் நின்று வாதாடவில்லை, கவனித்தாயா?

சாக்கைப் பிரித்தபோது முதலாளி பார்த்துவிட்டு, "கஸ்பர், ஒங்க அக்கா பட்டறையில சோறு ஆக்கச் சொல்றாங்களா?" என்றார். வேருக்குள் சிக்கிய கல் பட்டு அறுக்கிற வாளின் பல் போனது. பல கட்டை வீணாய்ப் போன பிறகு ஒரு கட்டை ஒழுங்காய் அறுபட்டது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. வெண்ணெய் நிறம், எலும்பு மாதிரிக் கெட்டி, சீவினால் ரேகையே தெரியாத வழுவழுப்பு. வால்நட் பலகைமேல் வைத்தேன். அக்கா, முதிரைகூட அப்படி எடுத்துக் காட்டாது. முதிரை தானும் மினுங்கி வால்நட்டோடு போட்டிக்கு நிற்கும். இது அமைதியாய் நிற்கிறது, பக்கத்தில் இருப்பதை ஆழமாய்க் காட்டுகிறது.

சந்தோசம் அன்று மாலைவரைதான். பட்டென்று ஒரு சத்தம், முதலாளி வெடி என்று எழுந்து நின்றார். கட்டை இரண்டாய் வாய் பிளந்து கிடந்தது. பிடுங்கின பச்சை ஈரம் உள்ளே இருக்கிறது. மெழுகை உருக்கி இரண்டு முனையிலும் பூசி வைத்துப் பார்த்தேன், அப்படியும் வெடிக்கிறது. உன் பரணில் மழைக்காலத்துக்கென்று அடுக்கி வைப்பாயே, அதில் அடியில் கிடக்கிற பழைய கட்டைகளை அனுப்பு. புகையில் மெதுவாய்க் காய்ந்தது வெடிக்காது. குட்டையாய் இருந்தாலும் போதும். சட்டம், கால், கை எல்லாம் வால்நட். முதுகில் மட்டும் தேயிலைக் கட்டையைக் கம்பி கம்பியாய்ச் சீவி வரிசையாய் நிறுத்துகிறேன்.

பலாவைப் பற்றி நீ எழுதியது சரி. அது பழுக்கும் என்று தச்சனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னேன். கொஞ்ச வருசத்தில் இரண்டும் ஒன்றாகிப் போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றுதான்.

கஸ்பர்


கொட்டாஞ்சேனை.
9.7.1961

அக்கா,

நாற்காலி வருகிறது. கட்டைப் பிரிக்குமுன் இதை வாசி.

சாயம் பூசிவிட்டேன்.

முடித்த அன்றைக்குத் துணி போட்டு மூடி வைத்தேன். எல்லாரும் சாப்பிடப் போன பிறகு துணியை எடுத்துப் பார்த்தேன். இத்தனை வருசத்தில் என் கை செய்ததில் இதுதான் அழகு. அதுதான் பயத்தைக் கொடுத்தது. சாதாரண நாற்காலியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இதைப் பார்த்தவன் சும்மா போக மாட்டான். முதலாளியே சுற்றிச் சுற்றி வந்தார். "சீமை மரம் ஒன் கைக்கு எப்படி வந்திச்சு?" என்று கேட்டார், சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் கேட்டார். அன்று சாயக் குப்பியை எடுத்தேன்.

நீ தோட்டத்தில் நின்று சண்டை போடலாம், உன் பின்னால் ஒரு லயம் இருக்கிறது. எனக்கு இங்கே ஒரு மூலையும் ஒரு உளிப்பெட்டியும்தான். வயது ஏறிக்கொண்டே போகிறது, நாடு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

உட்கார வசதியாய் இருக்கும். பிள்ளைக்கு அது போதாதா?

கஸ்பர்


சேசு மரி சூசை

கீழ்ப்பிரிவு லயம்,
அக்கரப்பத்தனை.
6.8.1961

அன்புள்ள தம்பி கஸ்பருக்கு,

உன் கடிதத்தை நாற்காலியைப் பிரித்த பிறகுதான் வாசித்தேன். முதலில் நாற்காலியைத்தான் திட்டினேன், பிறகு உன்னை. சவப்பெட்டிக்குக் கால் முளைத்த மாதிரி வாசலில் நின்றது. இசபெல் உட்கார்ந்து பார்த்து, "நல்லா இருக்கு அம்மாச்சி" என்றாள். அவள் அப்படிச் சொன்ன குரலைக் கேட்டுத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் போத்தல் ஒன்றை உடைத்தோம். நானும், மகள் ராசம்மாவும், வீரம்மாவும் கண்ணாடித் துண்டு ஆளுக்கொன்று பிடித்துக்கொண்டு வாசலில் சுற்றி உட்கார்ந்து சுரண்டினோம். உன் சாயம் வால்நட்டுக்குள் நன்றாய்க் குடியேறிவிட்டது, அதை எடுக்க இடுப்பு ஒடிந்தது. தேயிலைக் கட்டையில் ஏறவே இல்லை தம்பி. மேலே தோல் மாதிரி ஒட்டியிருந்தது, கண்ணாடி பட்டதும் உரிந்தது. "இந்தக் கட்டைக்கு நம்ம ராசம்மா கொணம், எதுவும் ஏறாது" என்றாள் வீரம்மா. கடைசியில் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்தோம். காப்பி நிறச் சட்டத்துக்குள் வெள்ளைக் கம்பிகள் பல்வரிசையாய்ச் சிரித்தன. நீ துணியை எடுத்துப் பார்த்தது இதைத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. இதையா மூடினாய், பாவி?

லோரன்ஸும் கூட்டாளிகளும் பகல் வெளிச்சத்தில், கந்தோர் முன்னால் போகிற பாதையிலேயே தூக்கிக்கொண்டு போனார்கள். குறுக்குப் பாதை இருக்கிறது, நான்தான் வேண்டாம் என்றேன்.

முதல் நாள் இசபெல் கேட்டாள், "அம்மாச்சி, கிளாக்கர் ஐயா வந்தா நான் எந்திரிக்கணுமா?"

"ஒனக்கு வணக்கம் சொன்னா எந்திரிச்சு வணக்கம் சொல்லு. சொல்லலன்னா ஒன் வேலையப் பாரு."

அவர் வந்தார். தனியாய் வரவில்லை, புதுத் துரையையும் கூட்டிக்கொண்டு வந்தார். இந்தத் துரை சிங்களவர், கொஞ்சம் தமிழ் பேசுவார். கடைக்குட்டி பென்சிலை விட்டுவிட்டு வந்திருந்தான், அதைக் கொடுக்கப் போன நான் வாசலில் நின்றேன். பென்சில் காரணம்தான், இல்லாவிட்டாலும் நின்றிருப்பேன்.

இசபெல் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எந்திரி புள்ள, தொரை வந்திருக்காரு" என்றார் கிளாக்கர். வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை.

இசபெல் விரலைப் பெயர் வரிசையில் ஒரு வரி கீழே நகர்த்தினாள். அவள் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். "மீனம்மா."

"உள்ளேன் டீச்சர்."

"செல்லசாமி."

"உள்ளேன் டீச்சர்."

கிளாக்கர் துரையிடம் திரும்பி, "பாத்தீங்களா சேர், பங்களா மேசைய வெட்டி நாக்காலி செஞ்சு அதுல ஒக்காந்திருக்கு" என்றார். துரை குனிந்து முதுகுக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். "இது என்ன மரம்?"

நான் உள்ளே போனேன். "கறுப்பு, பழைய தொரை எனக்கு வெறகுக்குக் குடுத்ததுங்க. வெள்ளை, மேல்மலையில புடுங்குன தேயிலை, அதுவும் எங்க வெறகு. கறுப்பு பங்களாவோடதுன்னு கிளாக்கர் ஐயா சொல்றாரு. அப்படின்னா அத மட்டும் எடுத்துக்குங்க. வெள்ளைய எங்கிட்டக் குடுத்துருங்க."

"பிரிக்க ஏலுமா?"

"ஒடைக்க ஏலுங்க. பிரிக்க ஏலாது."

துரை சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. யார் செய்தது என்று கேட்டார். "சூசையப்பருங்க" என்றேன். ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. "பாப்போம்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். பெயர் கூப்பிட்டு முடியும்வரை இசபெல் எழுந்திருக்கவில்லை. முடிந்த பிறகு எழுந்து கரும்பலகைக்குப் போனாள், அது அவள் வேலை.

இனி நடந்ததையும் மறைக்கவில்லை. அன்று ராசம்மாவுக்கு அரைப்பேர் போட்டு அரைநாள் கூலியை வெட்டினார்கள், கொழுந்து குறையாமலே. மறுநாளும். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் எல்லார் முன்னாலும் கணக்கப்பிள்ளை, "ஒம் மக எந்திரிச்சா ஒனக்கு முழுப்பேரு" என்றாராம். இவள், "அவ எந்திரிச்சா நான் ஒக்காந்துருவேன், பரவாயில்லீங்களா?" என்று கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். தொழிற்சங்கத்துத் தலைவரிடம் சொல்லியிருக்கிறோம். கிளாக்கர் ஹட்டன் பொலிசுக்கு எழுதிப் போட்டிருக்கிறார் என்று கேள்வி. முடிவு என்னவென்று தெரியாது. வரும்வரை இசபெல் உட்கார்ந்துதான் இருப்பாள். வந்த பிறகும்.

உன் பெயரைச் சொல்லாமல் விட்டேன். உன் மனுவை நினைத்துத்தான் விட்டேன், எனக்குச் சம்மதமாய் இல்லை. இவ்வளவு அழகாய் ஒன்றைச் செய்தவன் பெயர் நாக்கு நுனியில் நின்று குத்துகிறது. ஹட்டனிலிருந்து ஆள் வந்து கேட்டால் சொல்லவா, வேண்டாமா? நீயே எழுது. வேண்டாம் என்றால் சொல்ல மாட்டேன், கோபிக்கவும் மாட்டேன். கொஞ்சம் கோபிப்பேன்.

இன்னொன்று. காம்பராவில் உன் படம் ஒன்று மாட்டியிருக்கிறோம், பட்டறையில் எடுத்தது. நீ செய்த நாற்காலியில் முதலாளி உட்கார்ந்திருக்கிறார், நீ பின்னால் கை கட்டி நிற்கிறாய். நேற்று அதைப் பார்த்த இசபெல், "சின்னத் தாத்தா ஒரு நாளும் ஒக்காந்ததே இல்லையா?" என்று கேட்டாள். அந்தப் படத்தைக் கழற்றி வைத்துவிட்டேன், ஆணி சும்மா இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் ஸ்டூடியோ இருக்குமே. நீ செய்த நாற்காலி ஒன்றை நீயே தூக்கிக்கொண்டு போய், அதில் உட்கார்ந்து, முதுகு சாய்த்து, கை இரண்டையும் கைப்பிடியில் வைத்து ஒரு புதுப் படம் எடு. நுனியில் உட்கார்ந்து எடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். வருகிற தபாலிலேயே அனுப்பு.

உன் அக்கா
தெரேசா